ஆமை வருவதற்கான நிகழ்தகவு

ஜூன் 11. திருமதி செண்பகம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கைப்பேசிச் சீட்டாட்டத்தில் அன்று அவருடைய நிலை: வைரம், முதற்படி. அடுத்த நிலையான சிகரத்துக்கு ஒரு வெற்றி தேவை.

ஜூன் 19. காலமானார்.

ஆகஸ்ட் 24. ஆட்டத்தில் அவருக்குச் சொந்தமான ஆமைகள் இரண்டும் தூளாக்கப்பட்டன. தூளாக்கியவர், அவருடைய கணவர்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு. பாரிவாக்கத்தில், சாட்சிகள் முன்னிலையில், மூன்று ஆட்டங்கள். மூன்றும் தோல்வி. மாலை ஐந்தரைக்குப் பருவம் முடிவுற்றது.

மேற்கண்டவற்றில் நான் மறுக்கக்கூடியது எதுவும் இல்லை. விளக்கம் வேண்டுமானால் தரலாம்.

ஒரு துறையை நெடுங்காலம் கற்பித்தவனுக்கு அத்துறை தன்னைக் கைவிடாது என்றொரு நம்பிக்கை வந்துவிடுகிறது. அதைவிட அறியாமை பாதுகாப்பானது. நான் கல்லூரியில் நிகழ்தகவு கற்பித்தவன். சீட்டுக்கட்டை உதாரணம் காட்டாமல் ஒரு வகுப்பைக்கூட முடித்ததில்லை. அப்படிப்பட்டவன் சீட்டாட்டத்தில் தோற்பது, நீச்சல் பயிற்சியாளர் வாளித் தண்ணீரில் மூழ்குவதற்கு ஒப்பானது. (வாளியையும் அவரே நிரப்பியிருந்தார் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.)

செண்பகம், என் மனைவி. ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நடக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன நாட்களில், அவளுக்குக் கீழே பணியாற்றிய சாந்தி என்ற பெண் பார்க்க வந்தாள். ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்தாள். செண்பகத்தின் கைப்பேசியில் இந்த ஆட்டத்தை இறக்கிக் கொடுத்தாள். பழங்கள் அந்த வாரமே தீர்ந்தன. ஆட்டம் தீரவில்லை.

ஆட்டம் எளிமையானது. இருவருக்கும் ஆளுக்கு முப்பது அட்டைகள் கொண்ட ஒரு கட்டு, முப்பது உயிர். ஒவ்வொரு சுற்றிலும் கட்டிலிருந்து ஓர் அட்டை கைக்கு வரும். செலவழிக்கும் சக்தி ஒன்று கூடும். அட்டைகளில் வீரர்களும் விலங்குகளும் இருப்பார்கள். அவர்களைக் களத்தில் இறக்கி எதிரியின் உயிரைக் குறைக்க வேண்டும். வென்றால் ஒரு படி ஏறலாம், தோற்றால் ஒரு படி இறங்க வேண்டும். செம்பு, வெள்ளி, தங்கம், வைரம், அதற்கும் மேலே சிகரம். படிகளை மேலிருந்து எண்ணுவார்கள். சிகரத்தைத் தொட்டவர்களின் பெயர் ஆட்டத்தின் பட்டியலில் என்றைக்கும் நிற்கும். மற்றவர்களைப் பருவம் முடிந்ததும் கீழே தள்ளிவிடுவார்கள்.

செண்பகம் ஆடிய முறை எனக்கு அன்று புரியவில்லை. அந்தப் பருவத்தில் எல்லோரும் வேகமான கட்டுகளை ஆடினார்கள்; நெருப்பும் கழுகும் ஈட்டியும் முதற்சுற்றிலிருந்தே பாயும். இவள் கட்டு மந்தமானது. அடி வாங்கும், தடுப்பு அட்டைகளால் கதவைச் சாத்தும், மறுபடி அடி வாங்கும். எதிரியின் கை காலியானதும் எழுந்திருக்கும். "ஒங்க கையில என்ன இருக்குன்னு பாக்காதீங்க. அவன் எதைக் கையில வச்சிக்கிட்டே இறக்காம இருக்கான், அதைப் பாருங்க" என்பாள். தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீரை ஆய்வாள். மூன்றாவது ஆட்டத்தைக் கோபம் ஆடுமாம்.

இவை வெற்றிக்கான உத்திகள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. நான் அப்போது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பேன். "ஒரே ஆட்டம், முடிச்சிட்டு வாரேன்" என்று கூடத்திலிருந்து குரல் வரும். ரசம் ஆறும். நான் காத்திருப்பேன். காத்திருக்க எரிச்சலாக இருந்தது என்பதை இப்போது எழுதிப் பார்க்கிறேன். எரிச்சல் என்ற சொல் சரியாகத்தான் இருக்கிறது. இன்று அதே மேசையில் ரசம் சூடாகவே கிடைக்கிறது.

அவள் இறந்த அன்று வந்தவர்களில் எனக்குத் தெரியாத ஏழெட்டுப் பேர் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். தொழிற்சாலைக்காரர்கள் என்று நினைத்து, அழுதுகொண்டிருந்த ஒருவரிடம், "நீங்கள் எந்தப் பிரிவு?" என்று கேட்டேன்.

"வைரம் சார்" என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மூணாவது படி."

அவர்தான் கஜா. பக்கத்தில் நின்றவர் டில்லி. அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருப்பவர், இவர்களுடைய ஆட்டக் குழுவுக்குத் தலைவர். சாந்தி சேர்த்துவிட்ட குழு அது. என் மனைவிக்கு அப்படியொரு வட்டம் இருந்தது எனக்குத் தெரியும். அதற்கு முகங்கள் இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் நடுவில் டில்லி தொலைபேசியில் அழைத்தார்.

"சார், நல்லா கீறீங்களா? ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா ஐடி வைரத்துல நிக்குது. ஒரே ஒரு ஆட்டம் கெலிச்சா சிகரம். இந்த மாசக் கடைசியோட பருவம் முடிஞ்சிடும் சார். அப்பால பேரு கீழ போயிடும்."

"நீங்களே ஆடிவிடுங்களேன்" என்றேன்.

"அய்ய, அது கூடாது சார். ஒருத்தர் ஐடில இன்னொருத்தர் கை வெக்க மாட்டோம். எங்க ஆளுங்களுக்குள்ள அது ஒரு மொற. ஊட்டு ஆளுங்க ஆடலாம். நீங்க ஆடுங்க. ஞாயித்துக்கெழம எல்லாரும் எங்கூட்டுக்குத்தான் வராங்க, டிவில போட்டு ஆடுவோம். பக்கத்துல நாங்க கீறோம்."

அம்பத்தூரில் இருக்கும் என் மகள் கயலிடம் சொன்னேன். அவளுக்கு ஆட்டம் சுமாராகத் தெரியும். "என்னால அம்மா ஃபோனைத் திறக்க முடியாதுப்பா" என்றாள். ஆக, உலகத்தில் அந்த ஒரு வெற்றியைப் பெறத் தகுதியுள்ள மனிதன் நான் ஒருவனே என்றாயிற்று. அவள் பெயர் எங்காவது ஓர் இடத்தில் என்றைக்கும் நிற்கும் என்பது எனக்கு அப்போது மிகவும் தேவைப்பட்டது. அது கல்வெட்டா கைப்பேசியா என்று பார்க்கும் நிலையில் நான் இல்லை.

கைப்பேசியைத் திறந்தேன். அவள் ஆட்டப் பெயர் 'சும்மா செண்பகம்'. கட்டை விரித்து முப்பது அட்டைகளையும் ஆராய்ந்தேன். செலவுக்கும் பலத்துக்குமான விகிதத்தை ஒவ்வொன்றுக்கும் கணக்கிட்டேன். (கல்லூரியில் இதற்கு ஓர் அழகான பெயர் சொல்லுவோம்.) இருபத்தெட்டு அட்டைகள் ஏற்கத்தக்கவை. இரண்டு மட்டும் அவமானகரமானவை: கல் ஆமை. சக்தி நான்கு செலவழித்தால் பலம் ஒன்று. நான்கு பேர் தூக்கிவந்து வைத்த நாற்காலியில் ஒரு குழந்தை உட்கார்வதுபோல. ஏதோ பிரியத்தால் வைத்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். செண்பகம் தெருநாய்க்குக் கூடப் பெயர் வைப்பவள்.

ஆட்டத்தில், வேண்டாத அட்டையைத் தூளாக்கலாம். சேரும் தூளைக் கொண்டு வேறு அட்டை செய்துகொள்ளலாம். இரண்டு ஆமைகளின் தூளில் ஒரு தீக்கழுகு கிடைத்தது, மீதித் தூளில் ஓர் ஈட்டிக்காரன். 'உறுதியாகவா?' என்று திரை கேட்டது. உறுதியாக என்றேன். மறுபடி கேட்டது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"அப்பா, அம்மா கட்டை எதுவும் மாத்திடாதீங்க" என்று கயல் தொலைபேசியில் சொன்னாள்.

"மாற்றவில்லை. மேம்படுத்துகிறேன்" என்றேன்.

ஞாயிறு மதியம் கயல் காரோட்ட, பருத்திப்பட்டிலுள்ள என் வீட்டிலிருந்து பாரிவாக்கம் போனோம். டில்லியின் வீடு புதியது. தெரு இன்னும் மண்ணாகத்தான் இருந்தது. மாடிக் கூடத்தில் பெரிய தொலைக்காட்சி, தரையில் பாய்கள், ஒரே ஒரு நாற்காலி. நாற்காலி எனக்கு என்றார்கள். பாயில் உட்கார்ந்து தோற்றிருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது.

"அக்கா எப்பவும் தோ, அந்த ஜன்னலாண்டதான் குந்தும்" என்றார் கஜா. "எதிராளி அடிச்சா சிரிக்கும் சார். 'அடி மாமே, அடி, ஒங்கிட்ட எத்தினி கீதுன்னு பாக்கறேன்'னு சொல்லிகினே வாங்கும்."

நான் திகைத்துப் போனேன். கயல் பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் 'இன்னா' என்று சொன்னதற்கு அவளைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்த செண்பகம், திருநெல்வேலியை நாவிலிருந்து இறக்கி வைக்காத செண்பகம், இந்த ஜன்னலருகே உட்கார்ந்து யாரையோ மாமே என்று அழைத்திருக்கிறாள்.

முதல் ஆட்டம் தொடங்கியது. கைப்பேசித் திரை தொலைக்காட்சியில் விரிந்தது. என் கழுகும் ஈட்டியும் பாய்ந்தன. எதிரியின் உயிர் முப்பதிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கியது.

"இன்னாடா, அக்கா கட்டு ஓடுது" என்றார் கஜா சந்தேகத்துடன். "அது நடக்கத்தானே செய்யும்?"

நான் பெருமையாகப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், பெருமைக்கு அதுவே கடைசி வாய்ப்பு. ஆறாம் சுற்றில் என் கை காலியானது. எதிரி கதவுகளைச் சாத்த ஆரம்பித்தான். நான் ஒவ்வொரு சுற்றிலும் எல்லா வழிகளையும் கணக்கிட்டேன். திரையின் நடுவே ஒரு திரி எரியத் தொடங்கும்; அது எரிந்து முடிந்தால் நம் முறை போய்விடும்.

"சார், திரி எரியுது" என்றார் டில்லி.

"பார்க்கிறேன்."

"பாத்துகினே இருக்காதீங்க சார், எதுனா செய்ங்க."

"அப்பா ஓட்டல்லயும் இப்படித்தான்" என்றாள் கயல். "நாங்க சாப்பிட்டு முடிச்சதும் ஆர்டர் குடுப்பார்."

அவசரத்தில் என் கட்டைவிரல் திரை ஓரத்துப் பொத்தான் ஒன்றின்மேல் பட்டது. என் வீரன் எதிரியைப் பார்த்து, 'இவ்வளவுதானா உன் வீரம்?' என்று உறுமினான். அப்போது எனக்கு எஞ்சியிருந்த உயிர் மூன்று. விரலை எடுக்கப் போய் மறுபடி பட்டது. மறுபடி உறுமினான்.

"சார், அவன வம்புக்கு இழுக்காதீங்க" என்றார் டில்லி மெதுவாக. "நம்ம கிட்ட ஒண்ணும் இல்ல."

தோற்றேன். சிகரத்துக்கு இப்போது இரண்டு வெற்றி தேவை.

"பரவால்ல சார்" என்றாள் சாந்தி. "ஆமை வரலை, அவ்வளவுதான். வந்திருந்தா அவன் காலி."

"ஆமையா?" என்றேன்.

"அதை நம்பித்தானே சார் அக்கா கட்டே. கையில காத்திருக்கிற ஒவ்வொரு சுத்துக்கும் பலம் ரெண்டு கூடும்ல. எட்டு சுத்து வச்சிருந்து இறக்குவாங்க பாருங்க, யானை மாதிரி வரும்."

ஆட்டத்தில் ஒவ்வொரு அட்டையையும் விரலால் அழுத்திப் பிடித்தால், கீழே சிறிய எழுத்தில் மேலும் இரண்டு வரிகள் விரியும். நான் அழுத்திப் பிடித்திருக்கவில்லை. என் பணிக்காலம் முழுவதும் தேர்வு மண்டபங்களில் நடந்தபடி நான் உரக்கச் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு: வினாவை முழுவதும் படித்துவிட்டு எழுதுங்கள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "ஆம், வரவில்லை" என்றேன். இலக்கணப்படி அது உண்மையே.

இரண்டாம் ஆட்டத்தில் கூடமே ஆமைக்காகக் காத்திருந்தது. ஒவ்வொரு அட்டை கைக்கு வரும்போதும் எட்டுத் தலைகள் முன்னால் சாய்ந்தன, பின்னால் போயின. "வா கண்ணு, வா" என்றார் கஜா தொலைக்காட்சியிடம். சாந்தி கைகூப்பியிருந்தாள். நானும் அட்டையை உற்றுப் பார்த்தேன். நானே கொன்ற பிராணி உயிரோடு வரும் என்று அந்தக் கணம் கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம். இரண்டு மாதங்களாக வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் நான் அப்படித்தான் இருந்தேன். ஈட்டிக்காரன் வந்தான். தோற்றேன்.

இரண்டு தோல்வி ஆயிற்று. கைப்பேசியைக் கவிழ்த்துவைத்துக் கீரை ஆய வேண்டிய நேரம். நான் மூன்றாவதைத் தொடங்கினேன். கட்டு முக்கால்வாசி தீர்ந்தது. உயிரும் தீர்ந்தது. ஆமை வரவில்லை.

கஜா என்னை நோக்கித் திரும்பி உட்கார்ந்தார். "சார், நீங்க இத்தத்தானே காலேஜ்ல சொல்லிக் குடுத்தீங்க? முப்பது கார்டு. அதுல ரெண்டு ஆமை. மூணு ஆட்டம் ஆடியாச்சு, ஒண்ணுகூட வர்ல. இது எப்டி சார்? இன்னா கணக்கு இது?"

"அப்படி நேர வாய்ப்பு மிகக் குறைவு."

"சொம்மா ஒரு நம்பர் சொல்லுங்க சார். தெரிஞ்சிக்கறேன்."

வகுப்பில் நான் ஒருநாளும் தவறான விடை சொன்னதில்லை. என்னிடம் எஞ்சியிருந்த சொத்து அது ஒன்றுதான்.

"ஆமை வருவதற்கான நிகழ்தகவு பூஜ்யம்" என்றேன்.

"பூஜ்யமா? அது எப்டி? கட்டுலதான் கீதே."

"இல்லை."

"எங்க போச்சு?"

"அரைத்துவிட்டேன்."

டில்லி கையிலிருந்த ரிமோட்டைப் பாயில் வைத்தார்.

"இன்னா பண்ணீங்க?" என்றார் டில்லி.

"தூளாக்கிவிட்டேன். இரண்டையும். பலவீனமாகத் தெரிந்தது."

"சார்" என்றாள் சாந்தி. "அது பழைய பருவத்துப் பரிசு சார். இப்ப யாருக்கும் கிடைக்காது."

"அப்பா" என்றாள் கயல். முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள்கள் குலுங்கிய விதம் வேறாக இருந்தது. அவள் அம்மா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"ரெண்டையுமா அரைச்சீங்க?" என்றார் கஜா, துக்கம் விசாரிக்கும் குரலில். "ஒண்ணாவது வுட்டு வெச்சிருக்கலாமே சார்."

டில்லியும் சிரித்துவிட்டார். பிறகு எல்லோரும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்தேகால் மணி. நான்கு வெற்றிகளுக்குக் கால் மணி நேரம் போதாது என்பதற்கு நிகழ்தகவு தேவையில்லை. அவள் பெயரை மேலே நிறுத்த வந்தவன், அவள் ஏறிய படிகளிலிருந்து மூன்று படி இறக்கியிருந்தேன்.

சாந்தி என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தன் கைப்பேசியில் எதையோ தேடினாள். "ஆமையை எப்படி ஆடணும்னு அக்கா எங்களுக்குப் பாடம் எடுத்தாங்க சார். குழுவுல போட்டது. கேளுங்க."

செண்பகத்தின் குரல் கூடத்தில் எழுந்தது.

"டில்லி, கேட்டுக்கோ மாமே. ஆமை கைக்கு வந்த ஒடனே எறக்காத. அவன் அடிக்கட்டும், வாங்கிகினே இரு. நீ தோக்கறன்னு நெனச்சுகினு அவன் எல்லாத்தையும் எறக்குவான். அப்பால எறக்கு."

பின்னணியில், தொலைவில், ஓர் ஆண்குரல்: "செண்பகம், ரசம் ஆறுகிறது."

அவள் முகத்தைத் திருப்பிச் சொன்னது கேட்டது, திருநெல்வேலியில்: "இந்தா வாரேன்." பிறகு கைப்பேசியின் பக்கம் வந்து, தணிந்த குரலில், பாரிவாக்கத்தில்: "எங்க ஊட்லயும் ஒரு ஆமை கீது மாமே. இன்னும் எறக்கல." ஒரு சிரிப்பு. அதோடு பதிவு முடிந்தது.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. டில்லி தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். அது ஏற்கெனவே குறைந்திருந்தது. இன்னொரு முறை போடச் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. நான் கேட்டது, "இதெல்லாம் எப்போது முடியும்?" என்பது. பருவத்தைத்தான் கேட்கிறேன் என்று டில்லி எடுத்துக்கொண்டார். "இன்னும் அஞ்சு நிமிசம் சார்" என்றார். நாங்கள் அனைவரும் அந்த ஐந்து நிமிடமும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 'சும்மா செண்பகம்' வைரத்திலிருந்து தங்கத்துக்கு, சத்தமில்லாமல், இறங்கினாள்.

கிளம்பும்போது டில்லி, "அடுத்த ஞாயிறு வாங்க சார். ஐடி சும்மா கெடக்கக் கூடாது" என்றார். போனேன். அதற்கடுத்த ஞாயிறும். இப்போது நாற்காலி தருவதில்லை. பாயில்தான் இடம், கஜாவுக்குப் பக்கத்தில். ஜன்னலோரம் யாரும் உட்காருவதில்லை.

அம்பத்தூரில் கயல் வீட்டில் மூக்குக்கண்ணாடி, ரிமோட், ஒற்றைக் காலுறை என்று எது காணாமல் போனாலும் இப்போது தேடுவதில்லை. "அப்பாகிட்ட கேளுங்க, அரைச்சிருப்பார்" என்கிறார் மாப்பிள்ளை. கயல் சிரிக்கிறாள். அதற்காகவே நான் சில சமயம் ரிமோட்டை ஒளித்து வைப்பதுண்டு.

செய்யாமல் நிற்பவை:

செண்பகத்தின் கைப்பேசி இணைப்பை என் பெயருக்கு மாற்ற வேண்டும். (அழைத்தால் இன்னும் அவள் பெயர்தான் தெரிகிறது. அவசரமில்லை.)

ஆமைகளைத் திருப்பித் தரும்படி ஆட்ட நிறுவனத்துக்கு ஒரு கடிதம். வரைவு தயார். 'அறியாமல்' என்று எழுதுவதா, 'ஆராய்ந்து' என்று எழுதுவதா என்பதில் நிற்கிறது.

அந்தக் குரல் பதிவை எனக்கும் அனுப்பச் சொல்லிச் சாந்தியிடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் கேட்கக் கிளம்பி, ஆட்டத்தைப் பற்றி ஏதாவது கேட்டுவிட்டு வருகிறேன்.

சிகரம். அவள் விட்டுச் சென்றபோது ஒரு வெற்றி பாக்கி இருந்தது. இரண்டு பருவங்கள் நான் உழைத்ததில், இன்றைய நிலவரப்படி, முப்பத்தெட்டு.